சத்தம் தேவையில்லை

அமெரிக்கக் கூடைப்பந்தை ஏன் ஆட்கள் பார்க்காமல் விட்டார்கள் என்று கஜீவனிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வான். சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் ஒரு கலியாண வீட்டில், கையில் சோற்றுக் கோப்பையோடு சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டு, சோறு ஆறும்வரை சொன்னான்.

“ஐயா, முந்தி ஒருத்தன் உள்ளுக்கை பூந்து போய்ப் போடுவான், இன்னொருத்தன் மறிப்பான். இப்ப எல்லாரும் தூர நிண்டு எறியினம். எந்த மட்சைப் பாத்தாலும் ஒரே மட்ச். பேர் பெற்ற ஆளைப் பாக்க எண்டு டிக்கெட் எடுத்துப் போனால், அவருக்கு இண்டைக்கு ஓய்வாம். வீட்டிலை இருந்து பாப்பமெண்டால் ஒரு மட்ச் ஒரு சனலிலை, மற்றது இன்னொண்டிலை, எல்லாத்துக்கும் சந்தா. பெடியள் என்ன செய்யிறாங்கள்? போனிலை ஒரு துண்டைப் பாத்திட்டுப் படுக்கிறாங்கள்.”

“அப்பிடியோ தம்பி,” என்றார் பெரியவர். அவருடைய கண் முழுக்கக் கத்தரிக்காய்க் குழம்பில் இருந்தது.

“இதிலை இருந்து ஹொக்கிக்காரர் படிக்க வேணும் ஐயா.”

“ஓம் ஓம், படிக்கத்தான் வேணும்,” என்று சொல்லிவிட்டு அவர் முன்னே நகர்ந்தார். கஜீவன் என்னைத் திரும்பிப் பார்த்து, “பாத்தியே, என்ன ஆர்வம்!” என்றான். எனக்குத் தலையிலடிக்க வேண்டும் போலிருந்தது.

நான் ஜெனனி. வார நாட்களில் லுசேர்ணில் பிசியோதெரபி செய்கிறேன். மட்ச் உள்ள நாட்களில் கஜீவனுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு இருப்பேன். லுசேர்ணிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு ஐஸ் ஹொக்கிக் கழகம் உண்டு. முதல் லீக் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. ஆனாலும் சம்பளம் வாங்கி விளையாடுகிற ஆட்கள். அந்தக் கழகம் சொந்த அரங்கில் ஆடுகிற ஆட்டங்களை நாங்கள் இரண்டு பேரும் இணையத்தில் தமிழில் வர்ணித்தோம். மூன்று குளிர்காலம் அந்த வேலையைச் செய்தோம். ஆட்டத்தை அவன் சொல்லுவான். ஏன் அப்படி நடந்தது என்று நான் விளக்குவேன். பிழை விட்டவன் போய் உட்காருகிற இடத்துக்கு அவன் ‘தண்டனை வாங்கு’ என்று பெயர் வைத்தான். பிழை விட்டால் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் ஏறி நின்ற தலைமுறைக்கு அது உடனே விளங்கும் என்பது அவனுடைய கணக்கு.

கழகத்தை நடத்துகிறவர் ஃப்ரௌ இம்ஹோஃப் என்ற சுவிஸ் பெண்மணி. அரங்கில் இருக்கிறவர்களின் தலை வருடத்துக்கு வருடம் நரைத்துக்கொண்டே போகிறது என்பது அவருடைய கவலை. அந்தக் கவலைக்கு மருந்தோடு போய் நின்றவன்தான் கஜீவன். கூடைப்பந்துக்கு நடந்ததை அவருக்கும் ஒரு பாட்டம் சொன்னான். ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போடக் கூடாது, முழுதாகப் பார்க்கப் பழக்க வேண்டும்; காசு கேட்கக் கூடாது; ஆடுகிறவன் யார், எந்தத் தெருக்காரன், தாய் என்ன வேலை செய்கிறாள் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். இதுதான் அவனுடைய வேதம். தமிழில் தொடங்கிக் காட்டுகிறேன் என்றான். காட்டியும் விட்டான்.

இரண்டாம் குளிர்காலத்தில் ஜெர்மன் மொழி ஒளிபரப்பைப் பார்க்கிறவர்கள் குறையத் தொடங்கினார்கள். எங்களுடையது மட்டும் ஆணியடித்த மாதிரி நின்றது. தோற்றாலும் நின்றது. இடைவேளையில், ஐஸ் வழிக்கிற மெஷின் மட்டும் ஆடி அசைந்து சுற்றுகிற நேரத்திலும் எண்ணிக்கை இறங்கவில்லை.

“டேய், ஒருத்தரும் தேத்தண்ணி போடவும் எழும்பாயினமோ?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“எங்கட சனத்தின்ர பொறுமை உனக்குத் தெரியாது ஜெனா. கோயிலிலை காலுளைய உளைய நிக்கிற சனம்.”

நான் சிரித்துவிட்டு விட்டேன். சொல்லப்போனால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இராது?

இந்தக் குளிர்காலத்தில் ஃப்ரௌ இம்ஹோஃப் ஒரு யோசனையோடு வந்தார். அடுத்த பருவத்திலிருந்து போர்த்துக்கீசம், அல்பேனியம் என்று ஊரில் உள்ள மற்ற மொழிகளிலும் இதைச் செய்ய வேண்டும். அதற்குப் பொறுப்பாகக் கஜீவனை முழுநேரமாக எடுக்க வேண்டும். நிர்வாக சபை சம்மதித்தால் போதும். இவனோ சம்மதம் வருமுன்னமே தான் பார்த்துவந்த காப்புறுதிக் கம்பனி வேலையை விட்டுவிட்டான். இங்கே பிறந்து வளர்ந்தவன், ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் நாட்டில், அப்படிச் செய்தான். அவனுடைய அம்மா புனிதவதி அன்ரி, லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் இடுப்பு முறிய வேலை செய்து அவனைப் படிப்பித்தவர். “பந்து பாத்துச் சொல்லுறதுக்கோ பிள்ளை உந்த வேலையை விட்டவன்?” என்று என்னிடம்தான் கேட்டார். அவனிடம் கேட்கவில்லை.

நிர்வாக சபையில் ஒரு கிழவர் மட்டும் மசியவில்லை. “எண்ணிக்கை சரி. இந்த ஆட்கள் எங்கே? ஒருவரையாவது நான் அரங்கில் கண்டதில்லையே,” என்று கேட்டாராம்.

கஜீவனுக்கு ரோசம் வந்துவிட்டது. பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். அன்றைக்கு ஒரு பக்க இருக்கைகள் முழுவதையும் தமிழ் பார்வையாளர்களுக்கு இலவசமாகத் தாருங்கள், கொண்டுவந்து நிரப்பிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டான். வாசலில் ‘வணக்கம்’ என்று சொன்னால் உள்ளே விடுவது என்று ஏற்பாடு. வாசற்காரர்கள் இரண்டு பேரும் பதில் வணக்கம் சொல்லப் பழகினார்கள்.

இதை ஒளிபரப்பில் மட்டும் சொல்வது என்று அவன் முடிவெடுத்தான். நான் வட்ஸ்அப்பிலும் போடுவோம் என்றேன்.

“வேண்டாம். அதிலை போட்டால் ஓசியெண்டு ஊர்ச்சனம் முழுக்க வரும். எங்களைக் கேக்கிற சனம் வரட்டும். அதுதான் நேர்மை.”

“அன்ரிக்காவது சொல்லன்.”

“அம்மாவுக்கு ஏன் சொல்லுவான்? அவ ஒரு மட்சும் விடாமல் போடுறவ. தானே கேட்டிட்டு வந்து சொல்லுவா.”

ஒவ்வொரு ஆட்டத்திலும் சொன்னான். தொடக்கத்தில் சொன்னான், இடையில் சொன்னான், முடிவில் கெஞ்சாத குறையாகச் சொன்னான். அன்ரி வீட்டில் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை. “அம்மா எனக்குத் தெரியாமல் எல்லாருக்கும் ரோல்ஸ் பலகாரம் சுட்டுக் கொண்டு வரப்போறா போலை,” என்று அவன் கண்ணைச் சிமிட்டினான்.

அந்த ஞாயிறு வந்தது. எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் ஒதுக்கிய இருக்கைகள் நேர் எதிரே. ஆட்டம் தொடங்கும்போது அதில் ஒருவரும் இல்லை.

“எங்கட சனம் எப்ப நேரத்துக்கு வந்தது?” என்றான்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் பகுதி முடிந்தது. வாசற்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். அந்தக் கிழவர் நிர்வாகிகளோடு மேலே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை, வெறும் இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எங்கள் முன்னால் இருந்த திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. மூன்று குளிர்காலத்தில் நாங்கள் காணாத எண்ணிக்கை.

“வீட்டிலை இருந்து பாக்கினம் போலை,” என்றான் கஜீவன். குரலில் இருந்த முறுக்கு இறங்கிவிட்டது.

இரண்டாம் இடைவேளையில் தாயைக் கூப்பிட்டான். அரங்கில் பாட்டு அலறியதால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அம்மா, ஏன் ஒருத்தரும் வரேல்லை?”

“எங்கை தம்பி?”

“இங்கை, மட்சுக்கு. டிக்கெட் சும்மா எண்டு எத்தினை தரம் சொன்னனான்!”

“எனக்கு நீ ஒண்டும் சொல்லேல்லையே ராசா.”

“மட்சிலை சொன்னனான் அம்மா. நீங்கள் கேக்கேல்லையோ?”

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினார்.

“போட்டிருக்கிறன் தம்பி. எல்லாரும் போட்டிருக்கினம். இண்டைக்கு உனக்கு முக்கியமான நாள் எண்டு ஜெனனியின்ர அம்மா சொன்னவ. அதாலை நான் கனடா ஆக்களுக்கும் சொல்லிவிட்டனான். உன்ர தில்லைநாயகி மாமி மூண்டு போனிலை போட்டிருக்கிறாவாம். சத்தம் தேவையில்லை, போட்டுவிட்டால் காணும், அதுவே போதும் எண்டுதான் நெடுகச் சொல்லுறனான். பாவம், அவையளுக்கும் வேலை கிடக்கெல்லே.”

நான்தான் கேட்டேன். “அன்ரி, எவ்வளவு காலமா இப்பிடி?”

“தொடங்கின நாளிலை இருந்து பிள்ளை. கலியாணத்துக்குப் போக ஏலாட்டில் காசு என்வலப்பாவது குடுத்து விடுறமெல்லே, அதுமாதிரித்தான். எங்கட பிள்ளை, நாங்கள் நிக்காமல் ஆர் நிக்கிறது? அவங்கள் ஐஸிலை தடியாலை அடிக்கிற உந்தக் கறுப்புச் சாமான் ஓடுறது எனக்குக் கண்ணிலையும் பிடிபடுறேல்லை. ஆனால் ஒருநாளும் போடாமல் விட்டதில்லை. ஏன் தம்பி, இன்னும் ஆக்கள் காணாதோ? ஜெர்மனியிலையும் சொல்லட்டே?”

“காணும் அம்மா,” என்றான் கஜீவன். “காணும். வைக்கிறன்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்ரியில், மாமிமாரில், வாயில் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு குழம்பைப் பார்க்கிற எங்கள் ஆட்கள் எல்லாரிலும். மெய் சொல்ல இந்தச் சனத்துக்கு என்ன கேடு? விளங்கவில்லை, பிடிக்கவில்லை என்று ஒரு ஆளாவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரிச் செய்து பார்த்திருப்போமே. ஆனால் கோபம் நிற்கவில்லை. சலவை மடித்த கையால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொன்ன மனிசியோடு எப்படிக் கோபிப்பது? அவர் தன்னால் முடிந்த அளவுக்கு மகனைத் தூக்கிப் பிடித்தார். தூக்கிய இடத்தில் தரை இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் பகுதி தொடங்கியது. கஜீவன் கையை நீட்டித் தன்னுடைய ஒலிவாங்கியை நிறுத்தினான். நான் என்னுடையதைப் பிடித்தேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“ஆருக்கு ஜெனா?”

நானும் நிறுத்தினேன்.

ஒரு பகுதி முழுவதும் நாங்கள் பேசாமல் இருந்தோம். பருவத்திலேயே நல்ல ஆட்டம் அதுதான். இரண்டு கோல் பின்னால் நின்ற எங்கள் பெடியன்கள் ஒன்றை அடித்தார்கள், பிறகு இன்னொன்றை அடித்தார்கள். கோல்காப்பாளன் விழுந்து படுத்து ஒன்றைத் தடுத்தபோது அரங்கு எழும்பி நின்றது. வேறு நாளென்றால் கஜீவன் மேசையில் ஏறியிருப்பான். அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு திரையின் மூலையில் உள்ள எண்ணிக்கையைப் பார்த்தபடி இருந்தான். ஒரு ஆள் குறையவில்லை. சத்தம் வரவில்லை, என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதிக் கேட்கவும் இல்லை.

அமெரிக்காவில் கூடைப்பந்து பார்க்கிறவர்கள் குறைந்தார்கள்; குறைந்தபடியால் ஏதோ பிழை என்று அவர்களுக்குத் தெரிய வந்தது. சண்டை பிடித்தார்கள், காரணம் தேடினார்கள், எதையாவது மாற்றிப் பார்த்தார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. எங்களை அன்பாக ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இவன் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தான், நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் அவன் நேரே ஃப்ரௌ இம்ஹோஃபிடம் போனான். நானும் பின்னால் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னான். “அந்த எண்ணிக்கை மெய்யில்லை. எங்கள் ஒளிபரப்பை யாரும் பார்க்கவில்லை. என் அம்மாவுக்காகப் போட்டு வைத்திருந்தார்கள்.”

அவர் கையில் இருந்த தாள்களை மடித்து வைத்தார். “நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கு வராததற்கு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.”

“தெரியும்.”

“இனி நான் அந்த வேலையைப் பற்றி நிர்வாக சபையில் பேச முடியாது, கஜீவன்.”

“தெரியும்,” என்றான் மறுபடியும். அவர் கை கொடுத்தார். அந்தக் கிழவரும் வந்து கை கொடுத்தார். ஏளனமாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்களும் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ரயில் நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாங்கில் இருந்தோம். அவனை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை போனது ஒரு பக்கம். மூன்று குளிர்காலமாகத் தொண்டை கிழியச் சொன்ன அத்தனையும் யாருடைய காதிலும் விழவில்லை என்பதை என்ன சொல்லித் தேற்றுவது?

அவனுடைய போன் சிணுங்கத் தொடங்கியது. ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. “தம்பி, இண்டைக்கு உங்கட கதை திறம்,” என்று தில்லைநாயகி மாமி எழுதியிருந்தார். “குரல் நல்ல கிளியர்,” என்று கனடாவிலிருந்து யாரோ. “கடைசி நேரம் கலக்கிப்போட்டியள்,” என்று இன்னொருவர். கஜீவன் ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினான். காட்டும்போது சிரிக்கப் பார்த்தான்.

ரயில் வருகிற நேரத்தில் தாயின் செய்தி வந்தது.

“ராசா, உன்ர கதையைக் கடைசி மட்டும் இருந்து கேட்டனான். நீ கதைச்ச கதையிலை எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. கெதியா வா, சாப்பாடு சூடாக் கிடக்கு.”

அதை அவன் எனக்குக் காட்டவில்லை. நான்தான் எட்டிப் பார்த்தேன். அவன் அதை இன்னொருமுறை வாசித்தான். பிறகு “சந்தோசம் அம்மா, வாறன்” என்று எழுதி அனுப்பினான்.