விரிசல்ல கட்டின பட்டிழை

எனக்குக் கோவம் வந்தா வாய் முன்னாடி ஓடும், புத்தி பின்னாடி நடந்து வரும். எங்க வூட்டுக்காரரு சத்யராஜ் கல்யாணமான நாள்லேர்ந்து இதைத்தான் சொல்லிக்கினு இருக்காரு. அவரு சொல்றதுல சரியா இருக்கறது இது ஒண்ணுதான்.

பக்கத்து வூட்டு மதனவதி அக்கா பங்குனியில வழுக்கி வுழுந்து இடுப்பெலும்பை ஒடைச்சிக்கினாங்க. ஆபரேஷன் ஆச்சு. இனிமே மாடிப்படி ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அவங்க ரூமு, பாத்ரூமு ரெண்டும் மாடியில இருக்குது. பாவம், கூடத்துல ஒரு கட்டிலு, சுத்தி ஒரு திரைச்சீலை, எல்லாமே அதுக்குள்ளதான். அவங்க வூட்டுக்காரரு ஜினகுமார் அண்ணன் வந்து, எங்க செவுத்தை ஒட்டி கீழ ஒரு ரூம் கட்டிக்கட்டுமான்னு கேட்டாரு. தாராளமா கட்டுங்கன்னேன். என் பொண்ணு சுகாசினிக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ ராவு பகலா மடியில போட்டுக்கினு கெடந்தவங்க அந்த அக்கா. அவங்களுக்கு இல்லன்னு சொல்லுவனா?

ஆனா பாசம் வேற, செவுரு வேற. செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அடி தள்ளி, நான் கால் வெச்சு மிதிக்கற தறிக்குழி. அந்தப் பக்கம் அஸ்திவாரத்துக்கு நாலடி ஆழம் தோண்டினா, எங்க பழைய செவுரு எதைப் புடிச்சிக்கினு நிக்கும்? செவுரு சாஞ்சா தறி போச்சு, பாதி நெய்ஞ்ச முகூர்த்தப் பொடவை போச்சு, நாங்க படுக்கற எடமும் போச்சு. அதனால சத்யராஜ் செவுத்தையெல்லாம் ஸ்கேலு வெச்சு செல்போன்ல போட்டோ எடுத்தாரு. கொத்தனாரு வீரபாகுகிட்ட, மொத்தமா தோண்டாதீங்க, நாலு நாலு அடியா தோண்டி, கான்கிரீட் போட்டப்புறம் அடுத்ததைத் தோண்டுங்கன்னு சொல்லி வெச்சோம். செவுத்துல முன்னாடியே ஒரு விரிசல் இருந்துச்சு. அதுக்கு ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு, நடுவுல ஒத்தைப் பட்டிழையை இழுத்துக் கட்டினேன். செவுரு நவுந்தா இழை அறுந்துரும். எம்மாம் மூளை எனக்குன்னு எனக்கே பெருமை தாங்கல.

வேலையைக் கண்கொத்திப் பாம்பா பாக்கணும்னு தறிப் பக்கத்து ஜன்னலையும் தொறந்தே போட்டேன்.

வேலை ஆரம்பிச்ச மூணாம் நாளு சாயங்காலம் பாத்தா, இழை அறுந்து தொங்குது. சத்யராஜைக்கூட கூப்புடல, நேரா பக்கத்து வூட்டுக்குப் போயிட்டேன். அக்கா அப்போதான் தட்டு முன்னாடி ஒக்காந்திருந்தாங்க. அவங்க ஜைனருங்க, பொழுது சாஞ்சா சோறு தண்ணி எதையும் தொட மாட்டாங்க. எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா தெரியும். தெரிஞ்சும் நின்னுக்கினு கத்தினேன். என் வூட்டை இடிச்சுத்தான் உங்க வூட்டைக் கட்டணுமான்னு கேட்டேன். நான் ஓய்றதுக்குள்ள பொழுது போயிடுச்சு. ரெண்டு வாய்தான் சாப்ட்டிருந்தாங்க அக்கா. தட்டை நவுத்தி வெச்சிட்டாங்க.

மறுநாள் காலையில அந்தப் பக்கம் வேலை சத்தமே இல்ல. பயந்துட்டாங்கன்னு நெனச்சிக்கினு தறியில ஒக்காந்தேன். பாவுல ஒரு இழை அறுந்துச்சு, முடிச்சு போட்டேன். இன்னொண்ணு அறுந்துச்சு. பத்து மணிக்குள்ள ஏழு இழை. சனியன் புடிச்ச பாவுன்னு திட்டிக்கினே நிமிந்தா, தொறந்து கெடக்கற ஜன்னல் வழியா ஆடிக்காத்து மூஞ்சியில அடிக்குது.

ஐயோ இயேசப்பா! காஞ்ச காத்து பட்டா பட்டு தொட்டதும் அறுந்துரும். அதுக்குத்தான் ஆடி பொறந்தா அந்த ஜன்னலைச் சாத்தி, தரையில தண்ணி தெளிச்சு நெய்வோம். தறி ஏறின மொதோ மாசமே தெரிஞ்சிக்கற சங்கதி. நான் வேவு பாக்கத் தொறந்த ஜன்னலுதான் அந்த இழையை அறுத்திருக்குது. சத்யராஜ் ஸ்கேலை எடுத்துக்கினு வந்து, போட்டோவைப் பக்கத்துல வெச்சு விரிசலை அளந்தாரு. மயிரிழை அளவுகூட கூடல. என்னை ஒரு பார்வை பாத்துட்டு, ஸ்கேலை எடுத்துக்கினு உள்ள போயிட்டாரு. நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலாம்.

ஜன்னலைச் சாத்திட்டு, எந்த மூஞ்சியோட போறதுன்னு சாயங்காலம் வரைக்கும் தறியிலயே கெடந்தேன். அஞ்சு மணிக்குப் போனா, அங்க தோண்டின பள்ளத்தையெல்லாம் மண்ணு போட்டு மூடியிருக்குது. வீரபாகுவை வேற வேலைக்கு அனுப்பிட்டாங்களாம்.

அக்கா திரைச்சீலைக்குள்ள கட்டில்ல சாஞ்சிருந்தாங்க. என்னைப் பாத்ததும் கையை நீட்டினாங்க.

"உன் தறி நல்லா இருக்கட்டும் எஸ்தர். எனக்கு இந்தத் திரைச்சீலை பழகிடுச்சும்மா."

நான் அந்தக் கையைப் புடிச்சிக்கினேன். "செவுரு நவுரவே இல்லக்கா. இழை காத்துல அறுந்துச்சு. நான்தான் ஜன்னலைத் தொறந்து வெச்சேன்."

காத்துல அறுந்த கதையை முழுசா சொன்னேன். நாளைக்கு அந்தப் பள்ளத்தைத் தோண்ட மொத மம்முட்டி நான்தான் போடுவேன்னேன். ஜினகுமார் அண்ணன் அப்பவே செல்போனை எடுத்து வீரபாகுவைக் கூப்ட்டாரு. அக்கா சிரிச்சாங்க. இடுப்பு வலிக்குதுன்னு புடிச்சிக்கினு மறுபடியும் சிரிச்சாங்க.

"பொழுது இருக்குதா பாரு," ன்னாங்க.

எட்டிப் பாத்தேன். வெயிலு இன்னும் தெருமுனை கோயில் கோபுரத்து மேல இருந்துச்சு.

"இருக்குதுக்கா."

"அப்போ நீயே சோறு போடு."

போட்டேன். பக்கத்துலயே ஒக்காந்தேன். அவங்க கடைசி வாய் சாப்ட்டு, தண்ணி குடிச்சு முடிக்கற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசல. வூட்டுக்கு வந்து சொன்னா, சத்யராஜ் நம்ப மாட்டேங்கறாரு.