தப்பு நாற்காலி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டில் பாத்திரம்கூட வாயைத் திறக்காது. சொந்தக்காரர்கள் நடுவே அவருக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். திரியெல்லாம் கொளுத்த வேண்டியதில்லை, பக்கத்தில் நின்று தீப்பெட்டி என்று சொன்னாலே போதும். அன்றைக்கு அந்த வேலையைப் பார்த்தவள் அவருடைய கொழுந்தியாள்.

“மாமா, உங்க பொண்ணோட கிளாஸ்ல கணக்குத் தப்பாப் போட்டா, டீச்சர் ‘தப்பு நாற்காலி’ன்னு ஒண்ணுல உக்கார வைக்கிறாங்களாம். என்ன தப்பு பண்ணினோம்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லணுமாம். எங்க வீட்டுப் பய பக்கத்து கிளாஸ்தானே, ஜன்னல் வழியாப் பாத்திருக்கான்.”

வெடித்துவிட்டார். அதற்குக் காரணமும் இருந்தது. சின்ன வயதில் ஒரு கூட்டல் தப்பாய்ப் போனதற்காக வாத்தியார் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தார். அதோடு விட்டாரா? அடுத்த வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார். அன்றைக்கு மூடிய வாய்தான். எந்த லிஃப்டையும் கடைசி ஆணி வரை கழற்றி மாட்டிவிடுவார், ஆனால் கம்பெனிக் கூட்டத்தில் இன்ஜினியர், “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் போடும் சத்தமெல்லாம் வெளியே போட முடியாத சத்தம்தான்.

மகளும் அப்படியே அச்சில் வார்த்த மாதிரி வந்து வாய்த்திருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. தண்ணீர் குடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேச்சு. பள்ளிக்கூட வாசலை மிதித்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு டீச்சரும், “நல்ல பொண்ணு, ஆனா வாயே திறக்க மாட்டேங்கறா” என்பார்கள். இந்த வருடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அது ஏன் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

“நாளைக்கே அவளை அந்த ஸ்கூல்ல இருந்து எடுத்துடறேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூல்ல ஃபோன் போட்டுப் பேசியாச்சு, இடம் இருக்குன்னுட்டாங்க.”

“என்னங்க, முதல்ல அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள் மனைவி.

“அவகிட்ட என்ன கேக்கறது? எனக்குத் தெரியாததா? நான் பட்டவன்டி.”

மறுநாள் பெற்றோர் வகுப்புக்கு வந்து பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆயிற்று அவருக்கு. காலையில் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட வாயாடி இறங்கும் வரை திரும்பவேயில்லை. அந்த ஸ்கூல் மேல் அவளுக்கு இருந்த பயம்தான் அது என்று அவரே அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

தலைமையாசிரியை அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “உங்க பொண்ணு, உங்க முடிவு. ஆனா இந்த ஒரு வகுப்பை மட்டும் முழுசா உக்காந்து பாருங்க. பாத்துட்டும் இதையே சொன்னீங்கன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

கடைசி வரிசையில் பெற்றோர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி இருந்தது. கை வைத்தது, மெத்தை போட்டது. அதை முறைத்தார். பிறகு கணக்கு டீச்சரை முறைத்தார். ஒல்லியான பெண், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்காது. பின்னால் இத்தனை பெற்றோரைப் பார்த்ததும் அவளுடைய சாக்பீஸ் ஒரு தடவை கையிலிருந்து விழுந்தது.

“ஒரு லிஃப்ட் ரெண்டாவது மாடியில நிக்குது. மூணு மாடி இறங்குது. இப்ப எங்க இருக்கு?”

“மைனஸ் ஒண்ணு!” என்று வகுப்பு கத்தியது. தரைக்குக் கீழே முதல் தளம். மெக்கானிக் தன்னையறியாமல் தலையாட்டினார்.

“அங்கேருந்து இன்னும் ரெண்டு மாடி இறங்குது.” டீச்சர் எழுதினாள். மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, சமம். கொஞ்சம் தயங்கிவிட்டு விடை போட்டாள்: மைனஸ் ஒன்று.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. தப்பு. அவர் வாயைத் திறக்கவில்லை, அவர் என்றைக்குத் திறந்தார்? மற்ற பெற்றோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்தார்.

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இரட்டைப் பின்னல். அந்தப் பின்னலைக் காலையில் போட்டு முடித்தபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

“டீச்சர், அந்த லிஃப்ட் நகரவே இல்ல.”

“என்னது?”

“மைனஸ் ஒண்ணுல நின்னுச்சு. ரெண்டு மாடி இறங்குதுன்னு சொன்னீங்க. அப்புறமும் மைனஸ் ஒண்ணுலயே நிக்குது. லிஃப்ட் மாட்டிக்கிச்சு, டீச்சர். எங்கப்பாவைத்தான் கூப்பிடணும்.”

இத்தனை பெரியவர்களுக்கு முன்னால் டீச்சர் தப்பு என்று சொல்லிவிட்டாளே பாவி மகள்! இப்போது பெஞ்சு மேல் ஏறு என்பார்கள். மெக்கானிக் பாதி எழுந்தேவிட்டார்.

டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். காது சிவந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தாள். மெத்தை நாற்காலிக்குப் போய், ராஜசபையில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பு முழுக்க எழுந்து கை தட்டியது. கேலி இல்லை, அசல் கைதட்டல். அது அடங்கியதும் வாயாடி கேட்டாள்:

“நீங்க எந்த இடத்துல வழி மாறினீங்க?”

“ரெண்டையும் கூட்டணும். நான் கழிச்சுட்டேன். ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு, முன்னாடி ஒரு மைனஸ். பாதி வழி சரிதான், அதான் என்னை ஏமாத்திருச்சு.” டீச்சர் சிரித்தாள். “இன்னொண்ணும் சொல்லணும். கடைசி வரிசையில ஒரு சார் என்னை முறைச்சுக்கிட்டே இருக்கார். எனக்குப் பயமாப் போச்சு. பயந்தா எனக்கும் கணக்கு வராது.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரித்த பிறகுதான் அது சிரித்தது என்பதை மெக்கானிக் கவனித்தார். உட்கார்ந்திருப்பவர் முதலில் சிரிக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். அதுதான் அங்கே சட்டம் போலிருக்கிறது. அவரைப் பெஞ்சு மேல் ஏற்றியபோது அவர் அழுதுகொண்டிருந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மகள் பலகைக்குப் போய் மைனஸ் மூன்று என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஒரு லிஃப்டும் வரைந்தாள். கயிறு, கப்பி, எதிர் எடை எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. “எதிர் எடைன்னா என்ன?” என்று ஒரு பையன் கேட்டான். அவ்வளவுதான், பூட்டு உடைந்தது. லிஃப்ட் ஏறும்போது மறுபக்கம் இறங்குகிற அந்தக் கனத்தைப் பற்றி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னதையெல்லாம் வரி பிசகாமல் எடுத்து விட்டாள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “மெதுவா, மெதுவா, எனக்கும் புரியணும்” என்றாள். மெக்கானிக்குக்கு நெஞ்சு சட்டைக்குள் கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மாவின் பக்கம் குனிந்து, “என் பொண்ணுங்க” என்றார். யார் என்று அந்த அம்மா கேட்கவேயில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை வந்தார். “என்ன சார், கையெழுத்துப் போடவா?”

அவர் எழுந்தார். மேஜைகளுக்கு நடுவே நடந்து முன்னால் போனார். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர், ஒவ்வொரு மேஜையாகப் பிடித்துக்கொண்டு போனார்.

“டீச்சர், நான் அதுல உக்காரலாமா?”

“அது தப்பு பண்ணினவங்களுக்கு, சார்.”

“தெரியும்மா. அதான் கேக்கறேன்.”

டீச்சர் எழுந்து இடம் விட்டாள். பட்டாசு நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் இங்க சண்டை போட வந்தேன். என் பொண்ணை இந்த ஸ்கூல்ல இருந்து எடுக்க வந்தேன்” என்றார். முன் பின் தெரியாதவர்கள் இத்தனை பேர் முன்னால் அவர் பேசிய முதல் பேச்சு அது. பிள்ளைகள் எழுந்து கை தட்டினார்கள்.

வாயாடி எதிரே வந்து நின்றாள். வீட்டில் அப்பாவை ‘நீ, வா, போ’ என்பவள், நாற்காலிக்குரிய மரியாதையைக் குறைக்கவில்லை.

“நீங்க எந்த இடத்துல வழி மாறினீங்க?”

அவர் மகளைப் பார்த்தார். கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை.

“உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காத இடத்துல, கண்ணு.”

அவள் விடை சரிதானா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். சட்டப்படி முதலில் சிரிக்க வேண்டியவர் அவர்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சிரித்தார்.