ஃபேக்ஸ் கட்டம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் புகார் மேசையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தவளை மெக்கானிக்குகள் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை காலை கன்ட்ரோல் அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தபோது, யாரோ திரையைத் தேய்த்துக் கழுவி வைத்தது போல இருந்தது. நீலப் பின்னணியில் தோளோடு தோள் உரசி நின்ற கட்டங்கள் ஒன்றையும் காணோம். வெள்ளை வெளேரென்று ஒரு மைதானம், ஓரத்தில் பெயரில்லாத நாலு படங்கள், அவ்வளவுதான். 'புதிய புகார்' என்றிருந்த இடத்தில் 'புதிய உரையாடல்' என்று எழுதியிருந்தது. ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறவர் உரையாடவா போன் செய்கிறார் என்று பக்கத்து மேசை டைப்பிஸ்டிடம் கேட்டாள். டைப்பிஸ்ட் தன் திரையில் படங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் எரிச்சல் வெறும் பழக்கதோஷம் இல்லை. பழைய சாஃப்ட்வேரில் ஒரு புகாரைப் பதிவு செய்ய அவளுக்குப் பதினோரு வினாடி போதும். எஃப் இரண்டு, கட்டட எண், இரண்டு டேப், பிறகு பழுதின் எண். லிஃப்ட் அசையவில்லை என்றால் ஒன்று, கதவு மூடவில்லை என்றால் இரண்டு, சத்தம் என்றால் மூன்று, உள்ளே ஆள் இருந்தால் நான்கு. ஒரு என்டர், இன்னொரு என்டர். இத்தனையும் விரல் பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கு வேலையே இல்லை. அந்தக் கண் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஊர் வரைபடத்தில் மேயும். எந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று வண்ண ஊசிகள் குத்தியிருக்கும். புகார் சொல்லி முடிப்பதற்குள் யாரை அனுப்புவது என்று அவள் முடிவு செய்துவிடுவாள். புதிய சாஃப்ட்வேர் பறித்தது அந்தக் கண்ணைத்தான். படத்தைத் தேடு, அம்பை நகர்த்து, அழுத்து, விரியும் பட்டியலில் தேடு, மறுபடி அழுத்து. இடையில் ஒரு முறை வரைபடத்தைப் பார்த்துத் திரும்பினால், எங்கே விட்டோம் என்பதே மறந்துவிடுகிறது.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். புது பஸ் வந்த வாரம், வளைவில் கைகாட்டி விளக்குப் போடப் போய்க் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரைப் போட்டாராம், மழையே இல்லாத நாளில். அதுதான் எனக்கும் என்றாள். உன் பஸ்ஸில் வைப்பர் இருந்த இடமாவது தெரியும், என் பஸ்ஸில் ஸ்டியரிங்கையே மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண்மணி வந்திருந்தார். கன்ட்ரோல் அக்காவின் வயதுதான் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. வாயைத் திறந்தால் டாஷ்போர்டு. டாஷ்போர்டில் பாருங்க, டாஷ்போர்டு சொல்லும், டாஷ்போர்டை நம்புங்க. மதியத்துக்குள் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு நாள் கன்ட்ரோல் அக்கா பயிற்சிக்குப் போகவே இல்லை. போன் அடிக்கிறது என்று சாக்குச் சொன்னாள்.

புதன்கிழமை டாஷ்போர்டு எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு நற்செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமை முதல், ஒவ்வொரு கட்டடத்திலும் குடியிருக்கிறவர்கள் தங்கள் கட்டடத்தின் பக்கத்தைத் தாங்களே செல்போனில் திறந்து பார்க்கலாம். மாதிரிக்கு ஒரு பக்கம் திரையில் விரிந்தது. கட்டடத்தின் பெயர், விலாசம், போன், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மற்ற தொடர்பு'. அதற்கு நேராக இப்படி இருந்தது: 'வாசல் நாய் கடிக்கும். காவலாளி குரைக்க மட்டும் செய்வார்.'

எல்லோரும் சிரித்தார்கள். கன்ட்ரோல் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அது அவள் எழுதியது. பழைய சாஃப்ட்வேரில் 'ஃபேக்ஸ் எண்' என்று ஒரு கட்டம் உண்டு. போன் எண் கட்டத்தில் எண்ணைத் தவிர எதை அடித்தாலும் பீப் என்று கத்தும். ஃபேக்ஸ் கட்டம் கத்தாது. அயல்நாட்டு எண்ணில் கூட்டல் குறி வரும், கோடு வரும், இன்னாரைக் கேட்கவும் என்று எழுத்தும் வரும். இதையெல்லாம் சரிபார்த்துச் சலித்துப்போன யாரோ ஒரு புரோகிராமர் கட்டத்தைத் திறந்த வீடாக விட்டுவிட்டார். ஃபேக்ஸ் செத்துப்போனது, கட்டம் காலியாகக் கிடந்தது. அதில் என்ன எழுதினாலும் மெக்கானிக் கையில் போகும் சீட்டில் அப்படியே அச்சாகும். அப்புறம் கேட்க வேண்டுமா? 'மெஷின் ரூம் கைப்பிடியில் ஷாக் அடிக்கும்.' 'நாலாம் மாடிக் கதவு லிஃப்ட் வராமலே திறக்கும், காலை வைக்காதே.' 'சாவி பூக்கடையில்.' 'இந்த அம்மா திட்டினால் பதில் பேசாதே, களைத்துப்போய்த் தானே நிறுத்துவார்.' அறுநூறு கட்டடம், பதினான்கு வருடம். புதிய சாஃப்ட்வேர் எழுதியவர்கள் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். 'மற்ற தொடர்பு' என்று பெயரை மட்டும் மாற்றி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அறுநூறில் ஒன்றுதான் அவளைப் பயமுறுத்தியது. முப்பத்திரண்டு வீடுள்ள ஒரு கட்டடம். அதன் குடியிருப்போர் சங்கச் செயலாளர், கம்பெனி மேனேஜரின் மச்சான். மேனேஜர் மனைவியின் அண்ணன். அந்த மனிதருக்கு லிஃப்ட் பட்டனை விரலால் அழுத்தத் தெரியாது, கார் சாவியால் குத்துவார். சாவி நுனி பிளாஸ்டிக் மூடியை ஓட்டை போடும், ஓட்டை வழியே தூசி இறங்கும், உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங் மேலே எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் யாரோ ஓயாமல் கூப்பிடுவதாக நினைத்து லிஃப்ட் அந்த மாடிக்கே போய்ப் போய் நிற்கும். நாலு முறை பட்டன் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வேலை சரியில்லை என்று மச்சான் போன் செய்வார். நெட்டை என்று கூப்பிடப்படும் மூத்த மெக்கானிக்குக்கு மெமோ போயிருந்தது, இன்னொரு முறை புகார் வந்தால் வேலை இல்லை என்று. ஃபேக்ஸ் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது: 'சாவியால் குத்துவது செயலாளரேதான். மேனேஜர் மச்சான். வாயைத் திறக்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டு வா.'

இதை மச்சான் படித்தால் நெட்டைக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று மாலைக்குள் பதினாறு கட்டடத்தைத் திருத்தினாள். ஒவ்வொன்றுக்கும் ஏழு அழுத்து, கடைசியில் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி வேறு. இந்த வேகத்தில் அடுத்த மாதம்தான் முடியும். வியாழக்கிழமை காலை, மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டாஷ்போர்டிடம் போனாள்.

"மேடம், இந்த மற்ற தொடர்பு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்க முடியுமா?"

டாஷ்போர்டு முழுப் பட்டியலையும் எக்செல்லில் இறக்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"அக்கா, இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஃபேக்ஸ் வராத கட்டம். சும்மா கிடந்துச்சு."

மொத்தமாக அழித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார் டாஷ்போர்டு. கன்ட்ரோல் அக்கா அழிக்க விடவில்லை. ஷாக் அடிக்கும் கைப்பிடி எது என்று நாளைக்கு மெக்கானிக்குக்கு யார் சொல்வது? டாஷ்போர்டு மூலையில் இருந்த மூன்று புள்ளியை அழுத்தினார். 'பணியாளர் குறிப்பு' என்று ஒரு கட்டம் விரிந்தது. கம்பெனிக்காரர்கள் மட்டும் பார்க்கலாம். திங்கட்கிழமையிலிருந்தே இது இருக்கிறதே என்றார். இருக்கும், சொல்லாமல் விட்ட வார்த்தைக்குப் போடுகிற மாதிரி மூணு புள்ளி வைத்தால் யாருக்குத் தெரியும் என்றாள் இவள்.

இரண்டு பேரும் பட்டியலை அந்தக் கட்டத்துக்கு நகர்த்தினார்கள். மச்சானின் கட்டடத்துக்கு வந்ததும் டாஷ்போர்டின் கை நின்றது. பணியாளர் என்றால் மேனேஜரும்தான்.

"இதை மட்டும் அழிச்சிடுங்க அக்கா. ஏன் வம்பு?"

அழித்தால் அவளுக்கு ஆபத்து இல்லை. நெட்டைக்கு எதிரான மெமோ மட்டும் அப்படியே கிடக்கும். பட்டன் மாற்றிய தேதிகள் எங்கே இருக்கும் என்று கேட்டாள். டாஷ்போர்டு எடுத்துக் கொடுத்தார். கன்ட்ரோல் அக்கா பழைய வரியை அழித்தாள். வாழ்நாளில் முதல் முறையாக ஆபீஸ் தமிழில் ஒரு குறிப்பு எழுதினாள்: 'இக்கட்டடத்தில் லிஃப்ட் பட்டன்கள் சாவியால் குத்தப்பட்டு நான்கு முறை பழுதடைந்துள்ளன. தயவுசெய்து விரலைப் பயன்படுத்தவும்.' கீழே நாலு தேதி. அதைப் பணியாளர் கட்டத்தில் வைக்கவில்லை. முப்பத்திரண்டு வீடும் பார்க்கிற கட்டத்தில் வைத்தாள். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்பதை அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். திரையில் அந்தப் பக்கம். எட்டு மணிக்கே மச்சான் போன் செய்திருக்கிறார். அதற்கு முன் ஏழு வீட்டுக்காரர்கள் மச்சானுக்குப் போன் செய்திருக்கிறார்கள், சாவி யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும் போல.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"எனக்கு இன்னிக்கு வீட்ல சோறு கிடையாது. எடுங்க இதை."

"எப்படி எடுக்கறதுன்னு தெரியாது சார். பழசா இருந்தா மூணு தட்டு. இதுல எனக்குப் பயிற்சி இன்னும் முடியல."

மேனேஜர் தானே முயன்றார். இரண்டு முறை வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார். கடைசியில் டாஷ்போர்டை வரச் சொன்னார். டாஷ்போர்டு கன்ட்ரோல் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், வெகு மரியாதையாக விளக்கினார். "வாடிக்கையாளர் ஒரு தடவை பாத்துட்டா அது பதிவு சார். எடுக்கலாம், ஆனா காரணம் எழுதணும். அந்தக் காரணத்தையும் அதே பக்கத்துல காட்டும்."

மேனேஜர் காரணம் எழுதுகிற கட்டத்தைத் திறந்தார். ஒரு வார்த்தை அடித்தார், அழித்தார். இன்னொன்று அடித்தார், அதையும் அழித்தார். முப்பத்திரண்டு வீடும் படிக்கிற மாதிரி ஒரு காரணம் அவருக்குக் கிடைக்கவில்லை. நாலு தேதியையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார்.

"அந்த நெட்டைக்குக் குடுத்த மெமோ எங்க இருக்கு?"

"எடுத்துட்டு வரேன் சார்."

"கொண்டாங்க, கிழிக்கணும். அப்புறம் உங்க சீட்டுக்குப் போங்க, போன் அடிக்குது."

மெமோவை அவள் எந்தப் படத்தையும் அழுத்தித் தேட வேண்டியிருக்கவில்லை. அது காகிதம். இரண்டாவது இழுப்பறையில் மேலாகவே கிடந்தது.