கால்சியம் பாட்டில்

என் சித்தி கல்யாணமாகிப் பதினேழாம் நாள் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். பயத்துக்கு அவள் சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டையைத் தலையணைக்கடியில் மாமியார் பார்த்துவிட்டாராம். அதன்பின் சாகும்வரை ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. இன்னமும் சில மத்தியானங்களில் அந்த நாற்காலி தானாகக் கிறீச்சிடும். பிரம்பு காய்ந்தால் அப்படித்தான் என்பாள் அம்மா. சொல்லிவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

எனக்கும் அதே பயம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் மூச்சடைத்து விழுந்தேன். பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. டாக்டர் தந்த மாத்திரைகளை அம்மா அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, காலியான கால்சியம் பாட்டிலில் போட்டுவைப்பாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் இதுலயே வச்சுக்க. யார் கேட்டாலும் எலும்புக்குன்னு சொல்லு. சித்தி கதை தெரியும்ல?"

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தபோது, அழைப்பிதழ் மாதிரியைக் காட்ட, என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற அவர் வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். நேராகப் போய்ச் சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள்.

"மூணு மணிக்குப் பிள்ளைங்கள ஏத்தணும் அத்தை. கிளட்ச மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சு. மாப்பிள்ளை அரைக் கிழவன்னு இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது."

நான் சிரித்தேன். அதற்குள் பக்கத்து அலமாரியில் இருந்த பாட்டில் அவர் கைக்குப் போயிருந்தது.

"அட, கால்சியம்! நமக்கு வேண்டியதுதான்."

இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

அம்மா தடுப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் அசையவே இல்லை.

"போடாதீங்க" என்றேன். "அது கால்சியம் இல்ல. தூக்கம் வரும்."

"பாட்டில்ல போட்டிருக்கே?"

"பாட்டில் மேல எழுதியிருக்கிறது பொய். உள்ள இருக்கிறது பயத்துக்குக் குடுத்தது. நான் தினமும் சாப்பிடறேன்."

"அவ ஏதோ உளர்றா மாப்பிள்ளை..."

"இல்லம்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த தண்ணீரையே பார்த்தார்.

"என் வண்டியில பதினாலு பிள்ளைங்க, அத்தை" என்றார்.

மாத்திரைகளைத் திரும்பப் பாட்டிலில் போட்டு மூடினார். வாசலில் நின்று என்னிடம், "முதல்ல அந்தப் பேரை மாத்து. வேற யாராவது எடுத்துடப் போறாங்க" என்றார். அழைப்பிதழ் மாதிரியை மறக்காமல் எடுத்துப்போனார். அச்சுக்குக் கொடுக்கவா கிழித்துப்போடவா, தெரியவில்லை.

"போச்சு. நீயும் அவள மாதிரியே உட்காரு" என்று அம்மா அடுக்களைக்குள் போனாள்.

லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். வெள்ளைத்தாள் ஒட்டி, மருந்தின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். மூன்றரை மணிக்குத் தெருமுனையில் ஒரு பள்ளி வேன் பிள்ளைகளின் கூச்சலோடு கடந்துபோனது. அது ஓயும்வரை நின்றிருந்துவிட்டு, முதன்முறையாகச் சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். கிறீச்சென்றது.

"யாரு?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நான்தாம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, நம்பாதவள்போல் மறுபடியும் "யாரு?" என்று கேட்டாள்.