யாருக்கும் வேண்டாத துண்டுச்சீட்டு

ஐந்து கட்சிகள் சேர்ந்தால் அமைச்சரவை எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டால், கத்தரிக்கோலால் என்பேன். கிண்டல் இல்லை. ஒரு துறையை இரண்டாக்க வேண்டுமென்றால், தலைமைச் செயலகத்தில் எங்கள் பிரிவில் அது கவனிக்கும் பொருள்களின் பட்டியலை அச்செடுத்து, வரிவரியாக நறுக்கி, நீள மேசையில் பரப்புவோம். கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொள்வார்கள். கடைசியில் இரண்டு குவியலையும் பார்த்து நான் தட்டச்சு செய்வேன். பட்டியலில் இல்லாத பொருளில் எந்த அமைச்சரும் கையெழுத்துப் போட முடியாது.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பதவியேற்பு. மதியம் ஒரு மணிக்கு, நாலே உறுப்பினர்களைக் கொண்ட குட்டிக் கட்சி முறுக்கிக்கொண்டது. முழு அமைச்சர் பதவி இல்லையென்றால் ஆதரவும் இல்லையாம். கொடுக்கத் துறை மிச்சமில்லை. மகளிர், குழந்தைகள் துறையை வெட்டச் சொன்னார் எங்கள் செயலாளர்.

என் தம்பியின் கோப்பு அந்தத் துறையில்தான் இருந்தது. அவனுக்கும் அவன் மனைவிக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க, காப்பகம் அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்ததில், அவள் அவனை அப்பா என்று கூப்பிடவும் தொடங்கிவிட்டாள். தொண்ணூறு நாளுக்குள் அமைச்சரின் ஒப்புதல் வர வேண்டும். வராவிட்டால் வரிசையில் அடுத்தவர்களுக்குக் குழந்தை போய்விடும். தேர்தலிலும் பேரத்திலும் ஐம்பது நாள் கரைந்திருந்தது.

பெரிய கட்சிக்காக ஒரு வக்கீல் வந்தார். குட்டிக் கட்சிக்காக ஒரு வாத்தியார். அறுபத்தொரு சீட்டுகள். சத்துணவுக்கு இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் சீட்டே கிழிந்தது. விடுதிக் கட்டடம், பணி நியமனம் எல்லாம் நிமிடத்தில் பறந்தன. 'தத்து' என்ற சீட்டை மட்டும் வக்கீல் அந்தப் பக்கம் தள்ள, வாத்தியார் இந்தப் பக்கம் தள்ளினார். அதில் டெண்டர் கிடையாது, வேலை போட்டுக் கொடுக்கவும் வழியில்லை. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொந்த விவகாரத்துக்குப் பேசுகிறாள் என்று பேர் வந்துவிடுமே என்று விழுங்கிக்கொண்டேன். பெரிய நேர்மை! அப்புறம் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளலாமென்று சீட்டை ஓரமாக வைத்தேன். மூன்றரைக்குக் கார் வந்துவிட்டது, பட்டியலைக் கொடு கொடு என்று பறந்தார்கள். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மேசையைத் துடைத்தவர் டீ சாஸருக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு அமைச்சர்களின் பட்டியலிலும் தத்து இல்லை.

செயலாளரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதைத் திருத்தணும்னா அஞ்சு கட்சித் தலைவரும் கையெழுத்துப் போடணும்மா. ஒண்ணைத் தொட்டா மீதி அறுபதுக்கும் திரும்பச் சண்டை வரும். கொஞ்ச நாள் பொறு."

பொறுக்கவில்லை, அலைந்தேன். மகளிர் அமைச்சர் உட்காரவைத்து, இது குழந்தை சம்பந்தப்பட்டது என்றார். குழந்தைகள் அமைச்சர் நின்றபடியே, இது குடும்பம் சம்பந்தப்பட்டது என்றார். பத்து நாள் கழித்து, சத்துணவோடு சேர்த்துத் தந்தால் தத்தையும் வாங்கிக்கொள்வதாக மகளிர் அமைச்சர் சொல்லி அனுப்பினார். சத்துணவைத் தன் பக்கம் இழுத்திருந்த குட்டிக் கட்சி வாத்தியார் சீறினார். அத்தோடு அந்தப் பேச்சும் நின்றது. இவர்களுக்கு வாக்குப் போட்ட என் விரலைத்தான் சொல்ல வேண்டும்.

தம்பி தினமும் போன் செய்தான். யாரிடம் கோப்பு இருக்கிறது என்று கேட்பான். விசாரிக்கிறேன் என்று மழுப்புவேன். தொண்ணூறாவது நாள் செவ்வாய்க்கிழமை. அது மற்ற செவ்வாய்க்கிழமைகளைப் போலவே போனது.

அதற்கடுத்த வாரம் பெரிய கட்சியில் ஒரு கோஷ்டி முரண்டு பிடித்தது. அவர்களுக்கும் ஒரு அமைச்சர் வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று தேடியபோது செயலாளருக்கு என் சீட்டு ஞாபகம் வந்தது. ஒன்றரை மாதமாக அசையாத ஐந்து தலைவர்களும் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தத்துக்கென்றே தனி அமைச்சர், தனி அறை, இரண்டு கார். ஒரே வரிப் பட்டியலை நானே தட்டச்சு செய்தேன். அவர் போட்ட முதல் கையெழுத்து, வரிசையில் அடுத்து நின்றவர்களின் கோப்பில். அந்தக் குழந்தை அவர்களுடையதானாள்.

தம்பி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு என் மேசையில்தான் கிடந்தது என்பதையும் சொன்னேன். அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அவன் கேட்டது இதுதான். "அக்கா, அவங்களுக்கு ஒரு கடிதாசி அனுப்ப முடியுமா? அவ இருட்டுன்னா அழுவா. ரூம்ல சின்ன விளக்கு எரியணும். அது அவங்களுக்குத் தெரியாது."

மறுநாள் அலுவலகத் தாளில் இரண்டு வரி எழுதினேன். அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. யாரையும் கேட்காமல் போட்டு அனுப்பினேன்.