பல் டாக்டரின் பம்பர்

அந்தக் கார் பச்சையா நீலமா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. பச்சை என்றுதான் ஞாபகம். ஆனால் அன்று பட்டறையில் இருந்த மூன்று பேரில் ஒருத்தி, நீலம்தான் என்று சத்தியம் செய்கிறாள். நடந்ததைக்கூட நான் முன்பின்னாகச் சொல்லிவிடக்கூடும். பம்பர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பழைய கார்களின் குரோமியப் பூச்சுக்குப் பாலிஷ் போடுவது அந்தப் பட்டறைக்காரனின் தொழில். பம்பர், கிரில், ஹெட்லைட் வளையம், கதவுப் பிடி என்று முகம் செத்துக் கிடக்கும் எதை அவனிடம் விட்டாலும் நாலு நாளில் சிரிக்க ஆரம்பித்துவிடும். கை அப்படி. வாய்தான் சரியில்லை.

அந்த வாய் கல்யாணத்தன்றே வினை வைத்தது. மாமனார் பல் டாக்டர். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று சொந்தக்காரர் ஒருவர் அவரைக் கேட்க, இவன் முந்திக்கொண்டான்.

"மாமாவோட வேலையேதான். அவர் ஆளுக்குப் பல்லு விளக்கி விடறாரு, நான் வண்டிக்கு விளக்கி விடறேன்."

சபை சிரித்தது. டாக்டர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அதோடு சரி, அவனிடம் ஒரு வார்த்தை கிடையாது.

போக்குவரத்து நிற்கவில்லை. வீட்டுக்கு வருவார், அவனுக்கு நேர் எதிரே சாப்பிட உட்காருவார். "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்பார் மகளிடம். உப்பு அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

"உப்பைத் தள்ளுங்க" என்பாள் அவள்.

தள்ளுவான். "தள்ளியாச்சுன்னு சொல்லு" என்பான்.

இதற்கெல்லாம் அவன் ரகசியமாகப் பழி வாங்கினான். டாக்டர் முதுகைக் காட்டினால் போதும், இவன் டாக்டராகிவிடுவான். தொப்பையை முன்னால் தள்ளி, இல்லாத மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உதட்டைக் குவித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பான். மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவனுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அந்த மனுஷர் வாயால் ஒரே ஒரு தடவை 'மாப்பிள்ளை' என்று கேட்டுவிட மாட்டோமா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

டாக்டருடைய பழைய காரைக் கார்க் கண்காட்சிக்கு அழைத்திருந்தார்கள். அதைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தி, "வேற நல்ல ஆள் கிடைக்கலேன்னு சொல்லும்மா" என்று மகளிடம் சொன்னார்.

அவன் சோறு தண்ணி மறந்து வேலை செய்தான். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் துருப்புள்ளிகளைத் தேய்த்து எடுத்தான். பாலிஷ் பசையைத் தடவி, மெத்தென்ற துணியால் சளைக்காமல் தேய்த்தான். கூரையிலிருந்த டியூப் லைட் பம்பரில் நெளியாமல் கோடு போட்ட மாதிரி தெரிந்த பிறகுதான் துணியைக் கீழே வைத்தான்.

டாக்டர் பார்வையிட வரும் நாளில் மனைவி கறாராகச் சொன்னாள்: "எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கணும். இல்லேன்னா நாளையிலேருந்து நான் ஊமை. உப்பில்லாமலே சாப்பிடுங்க."

டாக்டர் வந்தார். சட்டைப் பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். கிரில்லின் ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாலும் அதை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது சொத்தை கிடைக்குமா என்று தேடுவதுபோல் இருந்தது. அவன் உஷாராக இருந்தான். கண்ணாடி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் ஒதுங்கிக்கொண்டான்.

குறை ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பம்பர் முன்னால் குனிந்தார். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. இனி என்ன பயம்? அவர் முதுகுக்குப் பின்னால் தொப்பையைத் தள்ளினான், உதட்டைக் குவித்தான், தலையைச் சாய்த்தான்.

மனைவி சிரிக்கவில்லை. கண்ணை உருட்டினாள், கையை ஆட்டினாள். ரசிக்கிறாள் என்று நினைத்து அவன் தொப்பையை இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

டாக்டர் நிமிரவில்லை. வெகுநேரம் பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எனக்கு அவ்வளவு பெரிய தொப்பையா?"

பழக்க தோஷத்தில் மனைவி வாயைத் திறந்தாள். "அப்பா என்ன கேக்கறார்னா..."

"நீ சும்மா இரும்மா. நான் மாப்பிள்ளையைக் கேக்கறேன்."

பார்த்துப் பார்த்துத் துருவை எடுத்தவன், கண்ணாடி மாதிரி வேலை செய்தவன், அதில் தானும் தெரிவோம் என்பதை மட்டும் மறந்துவிட்டான். குவித்த உதடு குவித்தபடியே நின்றது. ஆனால் காதில் விழ வேண்டிய அந்த ஒரு சொல் விழுந்துவிட்டது.

"அது வந்து... பம்பர் வளைவு மாமா. யாரா இருந்தாலும் உப்பலா காட்டும்."

"அப்ப அந்த உதடு?"

அவன் பம்பரை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். "உதடு அப்படியேதான் மாமா" என்றான்.

டாக்டர் திரும்பினார். "இன்னொரு தடவை செய்யி."

செய்தான்.

"தலையை இன்னும் சாய்க்கணும்" என்று திருத்தினார். அவன் சாய்த்தான். அவ்வளவுதான், டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது, மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. கிரில்லில் ஒரு கம்பி கழன்ற மாதிரி இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி அவன் காலை ஓங்கி மிதித்தாள். விழுங்கிக்கொண்டான்.

கண்காட்சியில் காருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பம்பரைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டவர்கள் உண்டு. டாக்டர் பல்லைக் கட்டிக்கொண்டார். இப்போது தினமும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் மூச்சுவிடாமல் பேசுகிறார். மாப்பிள்ளைக்கு வாயைத் திறக்க இடமே கிடைப்பதில்லை. அவள் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள். கார் டாக்டர் வீட்டில்தான் நிற்கிறது, பச்சையாகவோ நீலமாகவோ.