அக்கா துணி மடிக்கிறாள்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இலக்கியம் தொலைக்காட்சியைக் காப்பாற்ற முன்வந்துவிட்டது. தன்னைக் காப்பாற்றும்படி தொலைக்காட்சி யாரிடமும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கேட்காமலே காப்பாற்றுவதுதான் இலக்கியத்தின் குணம்.

மேற்படி இலக்கியம் நான்காவது மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில், மனைவியோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் குடியிருந்தது. கண்ணாடி, அளவான தொப்பை, அளவில்லாத முன்னுரைகள். அவருடைய நாவலைத் தொடராக எடுக்க ஓர் இணையத் தொலைக்காட்சி நிறுவனம் ஒப்புக்கொண்ட அன்று, நாவலாசிரியர் குடும்பத்தைக் கூடத்தில் நிற்கவைத்து ஓர் உரை ஆற்றினார். ஜனங்களுக்குப் பார்க்கவே தெரியவில்லை, எப்படிப் பார்ப்பது என்று இனி நாம்தான் கற்றுக்கொடுக்கப்போகிறோம் என்பது அதன் சாரம். உரை முடிந்ததும் மனைவி, வெளியே போனால் குளியலறைக்கு ஒரு பல்பு வாங்கிவரச் சொன்னாள்.

நாவலில் ஓர் இடம் உண்டு. கணவனுக்கு அடுத்த ஊரில் இன்னொரு குடும்பம் இருப்பது மனைவிக்குத் தெரியவருகிறது. அவள் சமையலறைக்குப் போகிறாள். கழுவிக் கவிழ்த்துவைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுகிறாள். வைக்கிறாள். எடுக்கிறாள். மறுபடியும் கழுவுகிறாள். நாலு பக்கம், ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாவலின் மற்ற இடங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நாலு பக்கத்தைப் படித்தவர்கள் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்கள். பரிசும் அந்த நாலு பக்கத்துக்குத்தான் கிடைத்தது. தொடரில் அதை அப்படியே காட்டிவிட வேண்டும், மற்றது எப்படிப் போனாலும் போகட்டும் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்திருந்தார். மற்றது எப்படியெல்லாம் போகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

நிறுவனத்தில் கதை படிப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. நீள மேசை, எழுதி அழித்து எழுதி அழித்துச் சாம்பல் பூத்துப்போன வெள்ளைப் பலகை. மேசைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி, அதன் பக்கத்தில் ஒரு கூடை நிறையத் துவைத்த துண்டுகள். முதல் நாள் நாவலாசிரியர் அந்த நாற்காலியில் உட்காரப் போனார். யாரோ செருப்போடு படுக்கையில் ஏறிவிட்ட மாதிரி அறையில் இருந்த எல்லோரும் பதறி எழுந்தார்கள்.

"அது அக்கா சீட், சார்," என்றார் கதைப் பிரிவின் தலைவர்.

அக்கா என்று அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. அக்கா என்பவள் பார்வையாளர். வேலைவிட்டு வந்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து துணி மடிப்பவள். மடியில் போன். போனில் ஒரு கண், துணியில் ஒரு கண். தொலைக்காட்சிக்கு மூன்றாவது கண்தான் மிச்சம், அது யாருக்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு எபிசோடையும் சத்தமாகப் படிக்கும்போது, கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்து அந்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அவள் துண்டு மடிப்பாள், போனில் யாருக்காவது பதில் போடுவாள். கதையில் என்ன நடக்கிறதென்று புரியாத இடத்தில் கையைத் தூக்குவாள். கை எழுந்த இடத்தில் ஒரு வசனம் சேர்க்கவேண்டும். அது சட்டம்.

"இப்பல்லாம் யாரும் டிவி பாக்கறதில்ல சார். போட்டு வெச்சிருக்காங்க," என்றார் தலைவர், அந்தச் சோகத்திலேயே சம்பளம் வாங்குகிறவரின் சோகத்தோடு.

பிறகு எதற்குப் படம் எடுக்கிறீர்கள் என்று நாவலாசிரியர் கேட்டார். படம் இல்லாவிட்டால் அதை டிவி என்று சொல்லமுடியாதே என்று பதில் வந்தது. வானொலியை ஒருமுறை கண்டுபிடித்தது போதாதென்று, இவர்கள் கோடிக்கணக்கில் கொட்டிப் படத்தோடு சேர்த்து மறுபடியும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் எபிசோட். மனைவி கதவைத் திறக்கிறாள். கணவன் நனைந்த குடையோடு வாசலில் நிற்கிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தார். கை எழுந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் கதவைத் திறந்து, "வாங்க, இப்படி மழையில நனைஞ்சு குடையும் கையுமா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கிறீங்களே," என்று புருஷனிடமே புருஷனின் நிலவரத்தைச் சொல்லும்படி ஆயிற்று. அவனும் சும்மா இருக்கவில்லை. "ஆமா, இதோ குடையை மூலையில வெச்சிட்டு நாற்காலியில உக்கார்றேன்," என்றான். ரயில் நிலையத்து ஒலிபெருக்கி மாதிரி ஆளாளுக்குத் தங்கள் வருகையையும் புறப்பாட்டையும் அறிவித்தார்கள்.

நாவலாசிரியர் வீட்டுக்கு வந்து கொதித்தார். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். இந்த ஜனங்களைப் பற்றி, இந்தக் காலத்தைப் பற்றி, விரலால் தேய்த்துத் தேய்த்து மூளையே தேய்ந்துபோன ஒரு தலைமுறையைப் பற்றிப் பேசினார். மகள் காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் மட்டும் கழற்றினாள். அவள் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்ப்பாள்.

"அப்பா, நீங்க மெதுவாப் பேசறீங்க," என்றாள். "அதான் உங்களுக்குக் கோவம் வந்தாக்கூட யாருக்கும் தெரியறதில்ல."

பாத்திரம் கழுவும் காட்சியைப் படிக்கும் நாள் வந்தது. முதல் வரியிலேயே கணக்குப் பிரிவுப் பெண் கையைத் தூக்கினாள். தூக்கிய கை இறங்கவில்லை. நடுவில் வலித்ததோ என்னவோ, அதை இறக்கிவிட்டு மற்றக் கையைத் தூக்கினாள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரொம்ப வேண்டாம், ஒரே ஒரு வரி போதும் என்றார். இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தும் இப்படிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேனே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அக்காவுக்குப் புரிந்துவிடும்.

"அவ பேசமாட்டா," என்றார் நாவலாசிரியர். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. "வாய்ல கோலை விட்டுக் குத்தினாலும் பேசமாட்டா. அவ பேசினா என் பேரை எடுத்துடுங்க."

பேரை எடுக்க முடியாது. பரிசு பெற்ற நாவல் என்று அவர் படத்தோடு சுவரொட்டி அச்சாகிவிட்டது. எனவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்த ஒரு காட்சியில் படத்தையும் ஒலியையும் அவர் அனுமதியில்லாமல் யாரும் தொடக்கூடாது. பதிலுக்கு, மற்ற எல்லா இடத்திலும் கை தூக்கினால் அவர் வாயைத் திறக்கக்கூடாது. கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து குடைகளும் செருப்புகளும் மாடிப்படிகளும் வாய்விட்டுப் பேசின. எழுதியவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். இரண்டரை நிமிட மௌனத்துக்காகப் பல மணி நேரப் பிதற்றலை அவர் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்யவேண்டியிருக்கிறது.

காட்சி நன்றாகவே வந்தது. நடிகை நிஜமாகவே நடித்தாள். டைரக்டர் தொகுப்பறையில் போட்டுக் காட்டினார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம், பாத்திரம் தொட்டியில் இடிக்கும் சத்தம், அவ்வளவுதான். நாவலாசிரியர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார். அந்தக் குழாய்ச் சத்தத்தை எடுக்கச் சொன்னார். பாத்திரச் சத்தத்தையும்.

தண்ணீர்ச் சத்தமாவது இருக்கட்டுமே என்றார் டைரக்டர்.

"மௌனம்னா மௌனம். அதுல குழாய் எதுக்கு?" என்றார் நாவலாசிரியர். உடன்பாடு அவர் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லாத பூரண மௌனம்.

அந்த எபிசோட் வெளியான மாலை, கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் போனோடு தரையில். மனைவியின் தம்பி சோபாவில் சாய்ந்து, ரிமோட்டைத் தன் மார்பின் மேல் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வீட்டில் வேறு பதவி எதுவும் இல்லை.

திரையில் அவள் சமையலறைக்குள் போனாள். கவிழ்த்துவைத்த பாத்திரத்தை எடுத்தாள். நாவலாசிரியர் திரையைப் பார்க்கவில்லை, இவர்கள் முகங்களைப் பார்த்தார். நினைத்தது நடந்தது. மகள் தலையைத் தூக்கினாள். மனைவியின் கத்தி நின்றது. மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். அத்தனை மாதக் கேவலமும் இதற்குத் தகும் என்று அவர் நினைத்துக்கொண்ட அந்த நொடியில் மைத்துனன் வாயைத் திறந்தான்.

"சத்தம் போயிடுச்சு, அத்தான்."

ரிமோட்டை அழுத்தி ஒலியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். பின்னால் ஓட்டினான். அவள் பின்பக்கமாக நடந்து வெளியேறி, மறுபடியும் உள்ளே வந்தாள். இன்னும் கூட்டினான். எழுந்துபோய்ப் பெட்டியின் பின்னால் கையைவிட்டு ஒயரை ஆட்டினான். மறுபடியும் பின்னால் ஓட்டினான்.

"சத்தம் போகலடா. அதுதான் சீன்," என்றார் நாவலாசிரியர்.

"எது?"

அவர் பதில் சொல்வதற்குள் இரண்டரை நிமிடம் முடிந்து அடுத்த காட்சி வந்துவிட்டது. அதில் யாரோ வந்து அழைப்பு மணியை அடித்தார்கள். உச்சத்தில் வைத்திருந்த ஒலியில் அந்த மணி அடித்தபோது பீன்ஸ் கூடம் முழுக்கச் சிதறியது. மைத்துனன் ரிமோட்டைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டிலிருந்து அதே மணி அதே அலறலாக அடித்தது. பிறகு மேல்மாடியில். பிறகு எதிர்க் கட்டடத்தில். ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் எத்தனை முறை பின்னால் ஓட்டினார்களோ அந்தத் தாமதத்தோடு, தெரு முழுக்க மணி அடித்து ஓய்ந்தது.

மனைவி குனிந்து பீன்ஸ் பொறுக்கினாள். பாத்திரம் சுத்தமாகத்தானே இருந்தது, ஏன் கழுவினாள் என்று கேட்டாள். அதுதான் அவளுடைய மௌனம், ஒரு பெண் பேசாமல் இருக்கும்போது அதைக் கவனிப்பதற்குக்கூட இந்த ஜனங்களுக்கு வக்கில்லை என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"போன வாரம் முழுக்க நான் உங்களோட பேசல," என்றாள் அவள். "பல்பு விஷயமா."

அவர் அதை ஒரு நொடி யோசித்துவிட்டு, தொடர்ந்து கத்தினார்.

மறுநாள் காலை தலைவர் போனில் அழைத்தார். நிறுவனத்தின் வரலாற்றிலேயே இப்படி நடந்ததில்லை. அந்தக் காட்சியை ஊரே பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறது. பார்வைக் கணக்கு வரைபடத்தில் கோடு கூரையை முட்டுகிறது. மக்களை நாம்தான் குறைத்து எடைபோட்டுவிட்டோம், அடுத்த சீசனில் எபிசோடுக்கு ஒரு மௌனம் வைப்போம், ஓர் இருமல் மாத்திரைக் கம்பெனி இப்போதே விளம்பரத்துக்கு முன்வந்திருக்கிறது என்றார்.

நாவலாசிரியருக்கு உண்மை தெரியும். தெரு முழுக்க அடித்த மணி இன்னும் காதில் இருந்தது. சொன்னால் காட்சி போய்விடும். அந்தப் பெண்ணின் வாயில் வசனம் வந்து உட்காரும். அவர் எதுவும் பேசாமல் போனைக் காதில் வைத்திருந்தார்.

"ஹலோ? சார்? சத்தம் வரலையே," என்றார் தலைவர். துண்டித்துவிட்டு மறுபடியும் அழைத்தார்.

இரண்டாவது முறை நாவலாசிரியர் நன்றி என்றார். அந்த வாரமே ஒரு பாராட்டுக் கூட்டத்தில், மௌனத்தைத் தேடிப் பார்வையாளன் திரும்பிப் போகிறான் என்று முழங்கினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அந்த நீள மேசை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து தகவல் வந்திருந்தது. ஒலி வரவில்லை என்று புகார்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. பெட்டியை அணைத்துப் போடச் சொல்லிச் சொல்லி அங்கிருந்தவர்களுக்கு வாய் வலித்துவிட்டது. பழுது பார்க்க ஆளை வரவழைத்தவர்கள் நஷ்டஈடு கேட்கிறார்கள். இனி இரண்டே வழி. அவள் ஒரு வரி பேசவேண்டும், இல்லாவிட்டால் திரையின் கீழே ஓர் அறிவிப்பு ஓடவேண்டும்.

நாவலாசிரியர் நாற்காலியை உதைத்துத் தள்ளினார். அது அக்கா சீட். துண்டுகள் சிதறின. எங்கே உடன்பாடு, யாரும் தொடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டீர்களே என்று கேட்டார். முட்டாள்கள் என்றார், செவிடர்கள் என்றார், இன்னும் அச்சில் ஏற்றமுடியாததையும் சொன்னார்.

தலைவர் அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார்.

"படத்தையும் ஒலியையும் தொடல சார். வெறும் எழுத்துதான். எழுத்து உங்க துறைதானே. நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்."

அவர்கள் எழுதிவைத்திருந்த அறிவிப்பை வாங்கிப் பார்த்தார். முதல் வரியிலேயே மூன்று பிழை. அவரால் தாங்கமுடியவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், அடித்துத் திருத்தி, அவரே எழுதிக்கொடுத்தார். இப்போது அந்தப் பெண் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் கீழே இப்படி வருகிறது: "உங்கள் பெட்டியில் பழுது எதுவும் இல்லை. அடுத்த இரண்டரை நிமிடங்களுக்கு இந்தக் காட்சியில் ஒலி இராது."

அவர் எழுதியதிலேயே எல்லோரும் ஒரு வார்த்தை விடாமல் படித்தது இதைத்தான். படித்துவிட்டு, காட்சியை முன்னால் தள்ளிவிடுகிறார்கள்.